வெயில் கொளுத்துகிறது, புயலும் இல்லை, ஆனாலும் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்களே, ஏன்? அந்த அறிவிப்பை நம்பலாமா?

கேள்வி கேட்டவர் காரைக்குடிச் சந்தையில் மீன் கிடைக்காத கோபத்தில் கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. நான் இதே ஊரில் மீன் வியாபாரம் செய்கிறவன். தொண்டியிலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருந்து வரும் சரக்குதான் என் பிழைப்பு, அதனால் ராத்திரி படுப்பதற்கு முன்னால் கடல் அறிவிப்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. நேரடியாகச் சொல்கிறேன்: நம்பலாம். ஆனால் அதைப் படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. நம் தலைக்கு மேலே தெரிகிற வானத்தை வைத்து அதை எடை போடவே கூடாது.

முதலில் எந்தக் கடல் என்று பாருங்கள். "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும்" என்றுதான் அறிவிப்பு வரும். நம்மில் பலர் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுகிறது. ராமேஸ்வரத்துக்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பிரித்துத்தான் பேசுவார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று எடுத்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். நம் தொண்டி இருப்பது வடகடலில். அங்கே ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான். ஆழம் குறைந்த கடல் என்றால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கிறார்கள், அது தப்பு. ஆழமில்லாத இடத்தில் காற்று எழுப்பும் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக அடுத்தடுத்து வரும், நாட்டுப்படகுக்கு நிமிர நேரமே கொடுக்காது.

அப்புறம், "புயலே இல்லையே" என்ற பேச்சு. சராசரிக் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வரும். அதற்குக் கீழே 50 கிலோமீட்டரில் வீசும் காற்றுக்குப் பெயரும் கிடையாது, டிவியில் படமும் கிடையாது. சின்னப் படகைக் கவிழ்க்க அது போதும்.

அலை உயரம் என்று போடுகிற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நேரத்தில் வரும் அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். 2.5 மீட்டர் என்று போட்டிருந்தால், நடுவே ஏதோ ஒரு அலை கிட்டத்தட்ட 5 மீட்டர் வரை எழும்ப வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். கடலுக்குப் போகிறவர் அந்த ஒற்றை அலைக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இன்னொன்றில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே, அன்டார்டிகாவை ஒட்டிய கடலில் பெரிய காற்று அடித்தால், அங்கே கிளம்பும் நீண்ட அலைகள் ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, ஒரு வாரம் போல கழித்து நம் கரைக்கு வந்து சேரும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கே அது பெரிதாகத் தெரியாது, கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் தண்ணீர் திடீரென்று எழும்பி உள்ளே பாயும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்களே, அது இப்படிப்பட்ட நாள். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அதனால் அறிவிப்பில் அலையின் உயரத்தோடு அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். அது 15 விநாடிக்கு மேல் போனால், உயரம் ஒரு மீட்டர்தான் என்றாலும் கரையோரம் பிள்ளைகளை இறக்காதீர்கள். வடகடலை இலங்கையும் ராமர் பாலத்துத் திட்டுகளும் மறித்து நிற்பதால் தொண்டிப் பக்கம் இது பெரிதாகத் தாக்காது, தென்கடல் கரைக்குத்தான் கவலை.

சரி, எந்த அளவுக்கு நம்புவது? ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலையையும் நீரோட்டத்தையும் கணிக்கிறது, இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றையும் புயலையும் பார்க்கிறது. மிதவைகளும் ஓஷன்சாட் மாதிரியான செயற்கைக்கோள்களும் தகவல் கொடுக்கின்றன. பரந்த கடலில் வீசும் பருவக்காற்றையும், தூரத்திலிருந்து வரும் அலையையும் இரண்டு மூன்று நாள் முன்னால் நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். வெப்பமண்டலக் கடலில் சிக்கலே இடிமேகம்தான். சூடான தண்ணீருக்கு மேலே அது சில மணி நேரத்தில் எழும்பி, ஒரு சின்ன வட்டத்தில் அடித்துவிட்டு அடங்கிவிடும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே யாராலும் குறித்துக் கொடுக்க முடியாது. அதனால்தான் முழுப் பகுதிக்கும் சேர்த்து எச்சரிக்கிறார்கள், அதனால்தான் சில நாள் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிக்குப் பக்கத்தில் ஒரே நாளில் புயலானபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேதி போய்ச்சேரவே வழி இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் பற்றியும் ஒரு வார்த்தை. 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே வரலாம். ஆனால் 5, 6, 7 மூன்றும் ஆபத்து கூடுவதைக் காட்டும் எண்கள் கிடையாது: புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலோ கடந்தால் 7. தீவிரமான புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. "5லிருந்து 6 ஆகிவிட்டதாம்" என்று பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீன் விஷயம் கேட்டீர்களே. தென்கடலுக்கு மட்டும் எச்சரிக்கை என்றால் தொண்டி, ஜெகதாப்பட்டினம் மீன் பெரும்பாலும் வந்துவிடும். பாக் நீரிணையும் சேர்ந்திருந்தால் விசைப்படகுக்கு டோக்கன், அதாவது கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டு, கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் யாருக்கும் போன் போட்டு "கொஞ்சமாவது அனுப்புங்கண்ணே" என்று கேட்பதில்லை, என் கேள்வியே ஒருவரைக் கடலில் இறக்கிவிடக் கூடாது. கண்மாய் விரால் கிடைத்தால் கடையில் அதைப் போடுவேன், நீங்களும் அன்றைக்கு அதையே வாங்குங்கள்.