நாலு மணி நேரக் கூத்தை எப்படிச் சுருக்கி அனுப்புவது? ஒலிக் கோப்புகள் பற்றிக் கேள்வி பதில்

ஒலிக் கோப்புகளைத் தரம் கெடாமல் சிறிதாக்குவது பற்றி இந்த வாரம் நான் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். கூத்து, கோவில் பாட்டு, பழைய கேசட் என்று கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில். எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலப் பதிவை அழிக்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா, கூத்துக் குழுத் தம்பி: அண்ணே, மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைப் போனில் பதிந்தோம். நாலு மணி நேரம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அனுப்ப 48 கிலோபிட் எம்பி3 ஆக்கினோம். பாட்டு பரவாயில்லை. தப்பு மேளத்தின் சத்தம் மட்டும் சொதசொதவென்று கேட்கிறது. பிட்ரேட்டைக் கூட்டினால் டேட்டாவுக்குக் கட்டாது. என்ன செய்யலாம்?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் தம்பி, அதனால் நீளமாகவே சொல்கிறேன். பிட்ரேட் என்பது ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவு. 48 கிலோபிட் என்றால் விநாடிக்கு அவ்வளவு.

எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் காதுக்குத் தெரியாது என்று நினைப்பதைத் துல்லியம் குறைத்து எழுதுகிறது. அதனால் வரும் இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவும். தப்பில் குச்சி விழுவது துண்டின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலை அந்த அடியே மறைத்துவிடும், ஏனென்றால் பலத்த சத்தத்துக்குப் பிறகு 100 மில்லிவிநாடி அளவுக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும். அடிக்கு முன்னால் வரும் இரைச்சலுக்கு அந்தச் சலுகை சில மில்லிவிநாடிதான். அதனால் குச்சி விழுமுன்பே ஒரு 'சுர்' கேட்டுவிடுகிறது. இதை முன்னெதிரொலி என்பார்கள்.

ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுவதுதான் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. அந்த வீதத்தில் எம்பி3யின் துண்டு 576 மாதிரிகள், அதாவது 13 மில்லிவிநாடி. அடி வருவது தெரிந்தால் அதை மூன்றாக, 192 மாதிரிகளாக வெட்டிக்கொள்ளும். அதுவரைக்கும் சரி. ஆனால் 48 கிலோபிட் என்று கேட்டால் பல மென்பொருள்கள் உங்களைக் கேட்காமலே மாதிரி வீதத்தை இறக்கிவிடும். அது 22.05க்கு இறங்கினால் துண்டில் உள்ள மாதிரிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, நேரம் மட்டும் இரட்டிப்பாகிறது. குரலுக்கு அது பெரிய கெடுதல் இல்லை. தப்புக்கு எமன்.

ஆகவே ஓபஸுக்கு மாறுங்கள். 2012இல் வந்த ஒலிச் சுருக்க முறை, உரிமக் கட்டணம் கிடையாது. உங்கள் வாட்ஸ்அப் குரல் செய்தியே ஓபஸ்தான். வழக்கமாக 20 மில்லிவிநாடித் துண்டுகளில் ஓடும், ஆனால் அடி வந்தால் 2.5 மில்லிவிநாடி வரை பொடியாக வெட்டும். 48 கிலோபிட், மோனோ (இடம், வலம் பிரிக்காத ஒரே தடம்) வையுங்கள். நாலு மணி நேரமும் சேர்ந்து சுமார் 86 எம்பி. 32 என்றால் 58 எம்பிக்குள் அடங்கும். இரண்டிலும் தப்பு உச்சத்தில் இருக்கிற ஐந்து நிமிடத்தைச் சுருக்கிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

சுருக்குவதற்கு முன்னால் செய்வதுதான் பாதி வேலை. ராத்திரிக் காற்று மைக்கில் மோதும் உறுமல் வெறும் இரைச்சல், ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது. அதையும் இசை என்று நினைத்துப் பிட்டுகளைச் செலவழிக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். உச்ச அளவை 1 டெசிபெல் இறக்கி வையுங்கள், ஏனென்றால் சுருக்கித் திறக்கும்போது உச்சங்கள் மூலத்தைவிட எகிறும். அடுத்த வருஷம் போனைத் தப்புக்காரருக்கு எதிரில் வைக்காமல் பாட்டுக்காரர் பக்கம், ஆள் உயரத்தில் கட்டுங்கள். ஒலி அளவைச் சரிபார்ப்பதைத் தப்பைத் தீயில் காய்ச்சிய பிறகு செய்யுங்கள். பனியில் தளர்ந்த தோலை வைத்து அளவு பார்த்தால், காய்ச்சி இறுகியதும் முதல் அடியிலேயே பதிவு வெடித்துவிடும்.

எதை இழக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்தால் மிச்சத்துக்குப் பிட் போதும். முடிவை மென்பொருளிடம் விட்டால் அது தப்பிலும் கொஞ்சம் எடுக்கும், குரலிலும் கொஞ்சம் எடுக்கும்.

பதுளை வாசகர்: என்னிடம் உள்ள 128 கிலோபிட் பாட்டுகளை 320க்கு மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. வடித்த சக்கையைப் பெரிய கேத்தலில் போட்டால் சாயம் ஏறாது. கோப்பு மட்டும் பெருக்கும், தரம் இன்னும் ஒரு படி குறையும்.

பண்டாரவளை, ஆசிரியை ஒருவர்: எங்கள் அம்மாச்சி பாடிய ஒப்பாரி ஒரு கேசட்டில் இருக்கிறது. இரைச்சலாக இருக்கிறது. பிள்ளைகள் எல்லாருக்கும் அனுப்பவேண்டும். எப்படிச் சின்னதாக்குவது?

டீச்சர், சின்னதாக்குவது கடைசி வேலை. முதலில் கேசட் டெக்கின் ஹெட்டை (டேப்பைப் படிக்கும் பாகம்) ஐசோபுரொப்பைல் ஆல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். பல டெக்குகளில் ப்ளே அமுக்கியதும் முன்பக்க ஓட்டை வழியே தெரியும். அது இப்போது நிற்கிற இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, கேசட் ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் திடீரென்று தெளிந்து வரும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒன்று எந்த மென்பொருளையும்விட அதிகம் கொடுக்கும்.

ஸ்குரூவைத் தொடப் பயமாக இருந்தால் இடம், வலம் இரண்டையும் கலந்து மோனோ ஆக்காதீர்கள். ஹெட் சாய்ந்திருக்கும்போது கலந்தால் மேல் ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். இரண்டில் நன்றாக இருக்கிற ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள்.

டேப் இரைச்சலை முழுக்கத் துடைக்கப் பார்க்காதீர்கள். 6 டெசிபெல் குறைத்தால் போதும். 20 குறைத்தால் குரலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் மணி குலுங்குவது போல ஒன்று வரும். அப்புறம் அதையும் சுருக்கினால் கேட்க முடியாது. கருவி எதுவும் இல்லாத தனிக் குரலில் பிழை ஒளிய இடமில்லை. எம்பி3யை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், துணைக்கருவி இல்லாத ஒரு பெண் குரல் பாட்டை வைத்துத்தான் தன் வேலையைச் சோதித்துத் திருத்தினார். ஒப்பாரியும் அந்த வகைதான். மூலத்தைத் தரம் இழக்காத ஃபிளாக் வடிவில் இரண்டு இடத்தில் வையுங்கள். அனுப்புவதற்கு ஓபஸ் மோனோ 32 போதும்.

கொட்டகலை வாசகர்: 128 எம்பி3யை முதலில் வேவ் ஆக்கிவிட்டு, அப்புறம் 320 ஆக்கினால்?

பதுளைக்காரருக்குச் சொன்னதேதான். நடுவில் சுருக்காத வேவ் வந்தாலும் போனது திரும்பாது.

அட்டன், சவுண்ட் செட் வைத்திருக்கும் அண்ணன்: கூத்தை மோனோ ஆக்கச் சொல்வது அநியாயம். தப்பு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் கேட்டால்தான் கூத்து. நான் எல்லாவற்றையும் ஸ்டீரியோவில்தான் போடுகிறேன், 320இல். ஒரு குறையும் இல்லை.

அண்ணே, 320இல் குறை இருக்காது. அதே நாலு மணி நேரம் 576 எம்பி ஆகும். தம்பி கேட்டது 86இல் அடக்க.

போன் ஸ்டீரியோ என்பதும் நீங்கள் நினைக்கிற ஸ்டீரியோ இல்லை. பல போன்களில் ஒரு மைக் அடியில், இன்னொன்று தலையில். காற்று இரண்டிலும் வேறுவேறு மாதிரி அடிக்கும். ஜாயின்ட் ஸ்டீரியோ என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதை ஒன்றாகவும், வித்தியாசத்தைத் தனியாகவும் எழுதும் வழி. இங்கே அந்த வித்தியாசத்தில் பாதி காற்றுதான். 48 கிலோபிட்டில் ஒரு பங்கைக் காற்றுக்குக் கொடுக்கவேண்டுமா?

அதே அண்ணன்: அப்படியானால் நல்ல மைக் இரண்டு வைத்தால்?

வைத்தால் நானும் ஸ்டீரியோதான் சொல்வேன். ஓபஸில் 96 கொடுங்கள்.

மஸ்கெலியாத் தம்பி: அண்ணே, எங்கள் ஆட்கள் கேட்பதே போன் ஸ்பீக்கரில்தான்.

நுவரெலியா, மாணவி: எச்ஈ-ஏஏசி என்ற சுருக்க முறையின் இரண்டாம் பதிப்பு 32 கிலோபிட்டிலேயே ஸ்டீரியோ கொடுக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே?

சரியான இடத்தில் பிடித்தாய், தங்கச்சி. அது இரண்டு தந்திரம் செய்கிறது. ஒன்று, மேல் அலைவரிசைகளை முழுதாக எழுதாமல், கீழே உள்ளதை மேலே பிரதி எடுத்து, எவ்வளவு உரத்து என்ற குறிப்பை மட்டும் சேர்க்கும். இது 2003இல் தர நிர்ணயம் பெற்றது. இரண்டாவது, ஸ்டீரியோவை ஒரே மோனோவாக்கி, எது எந்தப் பக்கம் என்ற குறிப்பைச் சில கிலோபிட்டில் எழுதும். 2004இல் வந்தது. வானொலிப் பேச்சுக்கும் மெல்லிசைக்கும் அற்புதம். ஆனால் ஜால்ராவின் மேல் ஒலி பிரதி எடுத்ததாக இருக்கும்போது தகரம் உரசுவது போல வரும். கூத்தில் ஜால்ரா ஓய்வதே இல்லை. அதனால் இங்கே எனக்குப் பிடிக்காது. கேட்டுவிட்டு மறுக்கலாம்.

அட்டன் அண்ணன் மறுபடி: காது இருக்கிறவனுக்கு 320க்கும் மற்றதுக்கும் வித்தியாசம் உடனே தெரியும்.

இதற்குப் பேச்சு வேண்டாம், சோதனை போதும். மூலத்தையும் ஓபஸ் 128ஐயும் பெயர் மறைத்து யாராவது போடட்டும். எது எது என்று 16 தடவை சொல்லுங்கள். 12 சரியானால், அது குருட்டாம்போக்கில் வந்திருக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புத்தான். அப்போது உங்கள் காதை ஒத்துக்கொள்கிறேன்.

(மறுநாள் அவர் எழுதியது: 128இல் 9தான் சரியாம். 48 ஸ்டீரியோவை மட்டும் ஜால்ராவை வைத்தே எல்லாத் தடவையும் பிடித்துவிட்டாராம். மோனோ விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.)

தலவாக்கலை வாசகர்: 96 கிலோபிட் பாட்டை 320…

மேலே படியுங்கள்.

டயகம வாசகர்: கோவில் ஆம்பிளிஃபயரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எந்த ஃபில்டர் போடலாம்?

50, 100 ஹெர்ட்ஸில் வருவது மின்சாரத்தின் இரைச்சல். பதிவில் இருந்தால் வெட்டலாம். ஆம்பிளிஃபயரிலேயே வந்தால் அது எலக்ட்ரீஷியன் வேலை. இரைச்சல் போகும் என்று எர்த் கம்பியைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், ஆள் போய்விடும்.

மாணவி மறுபடி: செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் இதைவிடச் சின்னதாக்குமாமே?

ஆக்கும். கூகுளின் லைரா 2021இல் வந்தது. மெட்டாவின் என்கோடெக் 2022இல் 1.5 கிலோபிட்டில்கூட ஒலியைத் தந்தது. அவ்வளவு கீழே போனால் கேட்பது, இப்படித்தான் இருந்திருக்கும் என்று இயந்திரம் ஊகித்த ஒலி. தப்பை அது எங்கே கேட்டுப் பழகியிருக்கப்போகிறது? தவிர, வாங்குபவரின் போனில் ஓடவும் வேண்டும்.

ஹப்புத்தளை, த்ரீவீல் ஓட்டுபவர்: என் பிளேயரில் ஓபஸ் ஓடவில்லை. பென் டிரைவில் நிறையப் பாட்டு வேண்டும்.

பழைய பிளேயர்கள் எம்பி3 மட்டும்தான் படிக்கும். மூலத்திலிருந்து லேம் என்ற எம்பி3 மென்பொருளில் வி5 என்ற தர அளவை வைத்து மாற்றுங்கள், சராசரி 130 கிலோபிட் பக்கம் வரும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. ஏற்றத்தில் போகும் எஞ்சின் சத்தத்துக்கு அதற்கு மேல் வீண். பென்னை ஃபாட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் அதிலிருக்கும் மூலப் பாட்டுகளை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.