முள்ளை வைத்துவிட்டு உட்காருங்கள்: ஜாஸ் இசைத்தட்டு கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் சீசனில் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி கேட்கிற ஆள் நான். மருமகன் பிறந்தநாளுக்கு ஒரு ரெக்கார்டு பிளேயரும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எல்.பி.யும் வாங்கித் தந்திருக்கிறார். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே தெரியவில்லை.
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: உங்கள் மருமகன் விஷயம் தெரிந்தவர். 1959-ல் நியூயார்க்கில் இரண்டே நாட்களில் பதிவான தட்டு அது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸில் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

முதல் பக்கத்தின் முதல் உருப்படி 'ஸோ வாட்'. ஆரம்பத்தில் பியானோவும் பாஸும் (ஆள் உயரத்துக்கு நிற்கிற, கனத்த குரல் உள்ள தந்தி வாத்தியம்) தயங்கித் தயங்கி ஏதோ பேசிக்கொள்ளும், அப்புறம் பாஸ் ஒரு வரி வாசிக்கும், மற்றவர்கள் இரண்டே அடியில் அதற்குப் பதில் சொல்வார்கள். அதைப் பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக வாசிப்பது எதுவும் எழுதி வைத்ததல்ல. பதிவுக்குச் சில மணி நேரம் முன்புதான் மைல்ஸ் இந்த உருப்படிகளின் சட்டகத்தையே யோசித்தார் என்று அட்டையின் பின்பக்கக் குறிப்பில் பியானோக்காரர் பில் எவன்ஸ் எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள். ஸ்வர வரிசை எது தெரியுமா? அவர்கள் டோரியன் என்பார்கள், நமக்கு அது கரகரப்ரியா! அதே ஸ்வரங்கள்தான். நான்கு எண்ணிக்கை ஒரு கட்டம், அப்படி 32 கட்டம் வந்தால் ஒரு சுற்று. முதல் 16 ஒரு ஸ்ருதியில், அடுத்த 8 அப்படியே அரை ஸ்வரம் மேலே, கடைசி 8 மறுபடி பழைய இடம். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், அந்த ஏற்றம் வருகிற இடம் உங்கள் காதுக்குத் தானாகவே பிடிபடும்.

கமகத்தை மட்டும் அங்கே தேடாதீர்கள், கிடைக்காது. அதற்குப் பதில் மைல்ஸின் டிரம்பெட் எங்கெங்கே வாசிக்காமல் விடுகிறது என்று கவனியுங்கள். அவர் விட்ட இடைவெளிக்குப் பிறகு ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் வந்து கொட்டித் தீர்க்கும்போது, ஒரே ராகத்தை இரண்டு வித்வான்கள் அடுத்தடுத்து ஆலாபனை செய்கிற சுகம் இருக்கிறதே, அதுதான். ஒரு நாள் டிரம்பெட்டை மட்டும் கேளுங்கள், மறுநாள் பால் சேம்பர்ஸின் பாஸை மட்டும். ஒரு வாரம் இந்த ஒரே பக்கம் போதும், தட்டைத் திருப்பவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: உங்களிடம் இருப்பது பழைய அச்சு என்றால் முதல் பக்கத்துக்கு ஸ்ருதிப் பெட்டி சேராது. முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது, அதனால் தட்டில் அந்த மூன்று உருப்படிகளும் கொஞ்சம் வேகமாக, ஸ்ருதி ஏறி ஒலிக்கும். 1992-ல்தான் சரி செய்தார்கள்.

கேள்வி: மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். 'டேக் ஃபைவ்' என்கிற ஜாஸ் உருப்படி கண்ட சாபு தாளம் என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். சரியா?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: ஐந்து என்பது சரி, பிரிப்பதுதான் வேறு. நம் கண்ட சாபு 'தக தகிட', அதாவது இரண்டும் மூன்றும். 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும், 'தகிட தக' என்று சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். அதை எழுதியவர் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். 1959-ல் வந்த 'டைம் அவுட்' எல்.பி.யில் இருக்கிறது. அதில் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வரும்போது டேவ் புரூபெக்கின் பியானோ நகரவே நகராது, அந்த ஐந்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த வேலை. மொரெல்லோ அதன் மேல் எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வருகிறார் என்பதை ஒரு மிருதங்க மாணவி கேட்டே ஆக வேண்டும்.

அதே தட்டின் முதல் உருப்படி 9 எண்ணிக்கை: தக தக தக தகிட. இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் புரூபெக் அதைக் கேட்டார். 1958-ல் அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் புரூபெக் குழுவினர் நம் மதராஸுக்கும் வந்து வாசித்தார்கள்! அன்று கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நியூஜெர்ஸியில் இருக்கும் அத்தை தன்னுடைய பழைய பிளேயரைக் கொண்டு வந்து கொடுத்தார். ரிச்சி தெருவில் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் எல்லாப் பாட்டும் தூங்கி வழிகிறது. ஊசி போய்விட்டதா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஊசி மேல் பழி இல்லை தம்பி. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பழைய ஏ.சி. மோட்டார் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சுற்றும், ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு உங்கள் வீட்டில் 28-க்கும் கொஞ்சம் குறைவாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ருதியும் மூன்று அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கிப்போயிருக்கும். பெல்ட் ஓடுகிற மாடல் என்றால் மோட்டார் தண்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தை 50 ஹெர்ட்ஸுக்கான சற்றுப் பெரிய சக்கரமாக மாற்றினால் சரியாகிவிடும். மாடல் எண்ணைச் சொல்லித் தேடுங்கள், பல பிளேயர்களுக்குக் கிடைக்கிறது. அத்தையின் பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் வந்து நிற்பீர்கள். பழைய பிளேயரை நேராக டி.வி. ஸ்பீக்கரில் சொருகினால் சத்தம் கொசு மாதிரி வரும். தட்டில் வெட்டும்போதே கீழ் ஸ்தாயியைக் குறைத்து, மேல் ஸ்தாயியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், அதைத் திருப்பிச் சரி செய்ய போனோ ப்ரீஆம்ப் என்று ஒரு சின்னப் பெட்டி நடுவில் வேண்டும்.

கேள்வி: போனில் எல்லா ஜாஸும் கிடைக்கிறது. எதற்கு இந்தத் தட்டும் தூசியும்?
- வாசகி, அண்ணா நகர்

பதில்: நானும் போனில் கேட்கிறேன், பஸ்ஸில். ஆனால் போனில் ஒரு உருப்படி பிடிபடுவதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. தட்டு என்றால் ஒரு பக்கம் இருபது நிமிடம், முள்ளை வைத்தாயிற்று, எழுந்து போய் மாற்றச் சோம்பல், உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஜாஸுக்கு அந்த இருபது நிமிடம் தேவை. முதல் ஐந்து நிமிடத்தில் அது நம்மிடம் பேசாது.

அப்புறம் அட்டை. ஒரு அடிக்கு ஒரு அடி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யார் யார் வாசிக்கிறார்கள் என்று படித்தபடி கேட்பதும் கேட்பதில் சேர்த்திதான். ப்ளூ நோட் கம்பெனியின் பழைய தட்டு எங்காவது கையில் கிடைத்தால் லேபிளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆர்.வி.ஜி. என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால், அதைப் பதிவு செய்து வெட்டியவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர் வேலை, மற்ற நேரம் நியூஜெர்ஸியின் ஹாக்கன்சாக் ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவு. 1950-களின் பெரிய ஜாஸ் தட்டுகளில் பல அந்த வீட்டுக் கூடத்தில் பிறந்தவை. அந்த மூன்று எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

கேள்வி: மழைக்காலத்தில் தட்டெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. எப்படிக் கழுவுவது?
- வாசகர், சைதாப்பேட்டை

பதில்: டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. லேபிள் நனையாமல், பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை துடைத்து, நிழலில் உலர விடுங்கள். தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற தட்டு இருந்தால் ஸ்பிரிட் எதையும் அதன் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள், அது அரக்கு, கரைந்துவிடும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிற்க வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த நாற்பது எல்.பி.யின் அட்டைகளும் கூழாகிவிட்டன. எவ்வளவு ஆசையாகச் சேர்த்தவை! ஆனால் வினைல் தண்ணீரை உறிஞ்சாது. சேற்றைக் கழுவி, மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு நிழலில் ஒவ்வொன்றாக நிறுத்தி உலர்த்தினேன், முப்பத்தியேழு பாடின. இப்போது அவை வெள்ளை உறையில் இருக்கின்றன, பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். கோல்ட்ரேன் தட்டு ஒன்றில் மட்டும் இரண்டாவது பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் நின்றுவிட்டது. உங்கள் தட்டுகளுக்குப் பூஞ்சைதானே, கழுவுங்கள், பாடும்.