யார் செய்தது என்பது மட்டுமா? குற்ற நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நீங்கள் சொன்னீர்களே என்று 'ரோசன்னா'வை எடுத்தேன். நூறு பக்கம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பதில்: அந்த நூறு பக்கம்தான் எனக்குப் பிடித்ததே. சுவீடனில் யோட்டா கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. யார் என்று காட்ட ஒரு துணிகூட இல்லை; அக்கம்பக்கத்தில் யாரும் காணாமலும் போகவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நூலகராக இருந்த ரோசன்னா என்று தெரியவே மாசக்கணக்கில் ஆகிறது. அப்புறம் அவள் வந்த சுற்றுலாக் கப்பலின் பயணிகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் எடுத்த போட்டோக்களையும் படச்சுருள்களையும் வரவழைக்கிறார்கள். யாரோ பொழுதுபோக்குக்கு எடுத்த ஒரு சுருளில், கப்பல் தளத்தில், ரோசன்னா உயிரோடு நடமாடுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக்குக்கு அவள் அதற்குமேல் வெறும் வழக்கு இல்லை. எனக்கும் அப்படித்தான் ஆனது. அத்தனை காத்திருப்பு இல்லாவிட்டால் அந்தக் காட்சி இப்படி உலுக்காது. தினம் இரண்டு அத்தியாயம் என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: மார்ட்டின் பெக் நாவல்களை எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: வரிசைப்படியே படியுங்கள். 1965 முதல் 1975 வரை வந்தவை மொத்தம் பத்து; 'ரோசன்னா'தான் முதலாவது. சுவீடன் எழுத்தாளர்களான மாய் ஷோவாலும் பெர் வாலூவும் தங்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரியில், ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதியவை. பத்தையும் ஒரே பெரிய கதையாகத்தான் நினைத்து எழுதினார்கள். பெக்கின் இல்லறம் மெல்ல மெல்ல விரிசல் விடுவதெல்லாம் வரிசையாகப் படித்தால்தான் உறைக்கும். ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் நான்காவதான 'தி லாஃபிங் போலீஸ்மேன்'. மழை கொட்டும் இரவில், ஸ்டாக்ஹோமின் டபுள் டெக்கர் பஸ் ஒன்றில் இருந்தவர்களை யாரோ சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள். செத்தவர்களில் ஒருவர் பெக்கோடு வேலை பார்த்த இளைஞர். அவருக்கு அந்த பஸ்ஸில் என்ன வேலை?

கேள்வி: ஜப்பான் என்றாலே ஹிகாஷினோ என்கிறார்கள். வேறு யாரைப் படிக்கலாம்?

பதில்: ஹிகாஷினோவை நானும் விரும்பிப் படிப்பவள்தான். கொலையை முதலிலேயே காட்டிவிட்டு அப்புறமும் நம்மை ஏமாற்ற ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் செய்ச்சோ மட்சுமோட்டோவின் 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' (1958) படியுங்கள். காஷீ கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதல் தற்கொலை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட, டொரிகாய் என்ற வயதான போலீஸ்காரருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இறந்தவரிடம் இருந்த ரசீது, ரயிலில் சாப்பிட்டதற்கு. ஒரே ஒருவருக்கான பில். சேர்ந்து சாகக் கிளம்பியவர்களில் ஒருவர் மட்டும் சாப்பிடப் போவாரா? கூடப் போய் ஒரு காபியாவது குடித்திருக்க மாட்டாளா அவள்? இந்தச் சாதாரணச் சந்தேகத்தில்தான் முடிச்சு அவிழத் தொடங்குகிறது. டோக்கியோ ஸ்டேஷனின் 13ஆம் பிளாட்பாரத்திலிருந்து 15ஆம் பிளாட்பாரத்தை மறைப்பில்லாமல் பார்க்க மாலையில் நான்கே நிமிடம்தான் கிடைக்கும் என்று வருகிற இடத்தில் நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். முடிவை ஒரு கடிதத்தில் கொட்டிவிடுவதுதான் குறை. அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உண்மைச் சம்பவப் புத்தகங்களில் 'இன் கோல்ட் பிளட்' எப்படி?

பதில்: 1959இல் அமெரிக்காவின் கன்சாஸில் கொல்லப்பட்ட கிளட்டர் குடும்பத்து நால்வரின் கதை. ட்ரூமன் கபோட்டியின் எழுத்து அபாரம். ஆனால் கடைசியில் வரும் கல்லறைத் தோட்டக் காட்சி அவர் கற்பனையாகச் சேர்த்தது. அந்த நால்வரும் நிஜ மனிதர்கள். எல்லாம் உண்மை என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. துப்பறியும் கதை கேட்கிறாள். என்ன தரலாம்?

பதில்: ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள், வேறு யோசனையே வேண்டாம். மொத்தம் 56 இருக்கின்றன. சிவப்புத் தலைமுடிக்காரர்கள் கதையை முதலில் கொடுங்கள். மேலே சொன்ன நாவல்களை இன்னும் சில வருஷம் எட்டாத அலமாரியில் வையுங்கள், 'ரோசன்னா'வைக் கண்டிப்பாக.