ஆண்டுக்கு 3,60,000 என்கிறார்கள். மாதம் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவன். சென்னை கிண்டியில் ஒரு பெரிய அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாக டெஸ்க்டாப் சப்போர்ட் இன்ஜினியராக இருக்கிறேன். ஆனால் அந்த அலுவலகத்தின் ஊழியன் அல்ல. ஆள் வழங்கும் வென்டார் நிறுவனம் ஒன்றின் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) இருக்கிறேன். மொத்தச் சம்பளம் 20,000, அதில் அடிப்படைச் சம்பளம் 10,000. பிஎஃப், இஎஸ்ஐ போகக் கையில் 18,650.

இப்போது இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று, வேறொரு வென்டாரிடம், ஆறு மாத ஒப்பந்தம். அலுவலகக் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை. அம்பத்தூரிலிருந்து சிறுசேரி வரை என் பைக்கில் அலைய வேண்டும். சிடிசி 3,60,000. மற்றொன்று, ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தின் நேரடிப் பேரோலில் சர்வீஸ் டெஸ்க். அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் இரவு ஷிப்டில் பேச வேண்டும். 4,20,000 என்று பேச்சு. எச்ஆர் சுற்று பாக்கி. "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். ஒரு பயிற்சி மையம் 85,000 ரூபாய் கட்டி கிளவுட் படிப்பு முடித்தால் வேலை உறுதி என்கிறது. பிஎஃப் கணக்கில் இருக்கும் 54,000-ஐ எடுத்து அதற்குக் கட்டலாமா?
(வாசகர், போரூர்)

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாத வேலை வேண்டாம். சர்வீஸ் டெஸ்க் வேலையை எடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிஎஃப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேலைகளுக்கும் ஆண்டுத் தொகையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். 3,60,000-ஐ 12-ஆல் வகுத்தால் 30,000. 18,650 எங்கே, 30,000 எங்கே என்று மனம் தாவுவது இயல்பு. சிடிசி என்பது நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. அதில் உங்கள் வீட்டுக்கு வராத பணமும் சேர்ந்திருக்கிறது. வழக்கமான ஓர் ஆஃபர் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கடிதம் வந்ததும் இதேபோல் வரி வரியாகப் போட்டுப் பாருங்கள்.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்ட வேண்டிய 12 சதவீதப் பிஎஃப், 1,800. அது சிடிசிக்குள் இருக்கும். பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், 722. குழுக் காப்பீட்டு பிரீமியம் 500. "வேரியபிள் பே" (வேலைத் திறனைப் பார்த்துப் பிறகு தரும் தொகை) என்று 10 சதவீதம், 3,000. இவ்வளவும் கழிந்தால் மாதச் சம்பளம் 23,978. அதிலிருந்து உங்கள் பங்குப் பிஎஃப் 1,800 போனால் கையில் 22,178. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி 1,250 மூன்று வேலைகளுக்கும் பொது என்பதால் அதை விட்டுவிட்டேன். வருமான வரிக் கவலை உங்களுக்கு இல்லை. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது.

22,178-உம் முழுதாக நிற்காது. அம்பத்தூர், கிண்டி, சிறுசேரி என்று சுற்றினால் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் குறைந்தபட்சம். மாதம் 25 நாளுக்கு 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பைக்குக்கு 22 லிட்டருக்கு மேல் வேண்டும். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஏறத்தாழ 2,250 ரூபாய். டயர், செயின், ஆயில் தனி. பெட்ரோல் படி சிடிசிக்கு வெளியே தனியாக வருகிறது என்று எழுதித் தராத வரை அது உங்கள் பையிலிருந்து போகும் பணம். ஆக மிஞ்சுவது 19,928. இன்று ஒரே அலுவலகத்தில், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வாங்குவதைவிட 1,278 ரூபாய் அதிகம். மழையிலும் வெயிலிலும் மடிக்கணினிப் பெட்டிகளைச் சுமந்து அலைவதற்கு இது கூலியே இல்லை.

அந்த வேலை ஏன் இப்போது கிடைக்கிறது என்பதையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதனால் நிறுவனங்கள் கணினிகளைக் கூட்டம் கூட்டமாக மாற்றுகின்றன. இமேஜ் போட (விண்டோஸையும் மென்பொருள்களையும் மொத்தமாக நிறுவ), டேட்டா மாற்ற, பழையதைப் பெட்டியில் கட்ட ஆள் தேவைப்படுகிறது. வேலை முடிந்ததும் ஆளும் தேவைப்பட மாட்டார். உங்கள் ஒப்பந்தம் ஆறே மாதம். வேரியபிள் பே பெரும்பாலும் ஆண்டு முடிவில், அன்று நீங்கள் பேரோலில் இருந்தால்தான் கிடைக்கும். பணிக்கொடைக்கு நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டுகளும், குறித்த கால ஒப்பந்த ஊழியர் 2025 நவம்பர் முதல் ஓராண்டும் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் வெளியே வருகிறவருக்கு அந்த 3,000-உம் இந்த 722-உம் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. வராத பணத்தைச் சம்பளம் என்று கடிதத்தில் எழுதி ஒரு பையனை வேலை மாறச் செய்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இனி இரண்டாவது. 4,20,000 என்றால் மாதம் 35,000. அதே அடிப்படைச் சம்பளம், அதே கழிவுகள், வேரியபிள் இல்லை என்று கொண்டால் மாதச் சம்பளம் 31,978. பிஎஃப் போகக் கையில் 30,178. இதற்குள் ஷிப்ட் அலவன்ஸ் 3,000 அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அடங்கியிருந்தால், பகல் ஷிப்டுக்கு மாற்றும் மாதத்தில் 27,178தான். உங்கள் வீட்டுச் செலவை அந்த 27,178-ஐ வைத்தே திட்டமிடுங்கள். வாடகையையும் தவணையையும் இரவுப் படியை நம்பி ஏற்றிக்கொண்டவர்கள், உடம்பு கேட்காதபோதும் இரவு வேலையை விட முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று காரணங்கள். உங்கள் இருக்கைக்கென்று அந்தக் கிண்டி அலுவலகம் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. அது வென்டாருக்குப் போய், சில இடங்களில் அவருக்குக் கீழே இன்னொரு வென்டாருக்கும் போய், ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் சம்பளம். நேரடிப் பேரோலில் இந்தக் கசிவு இல்லை. இரண்டாவது, மொழி. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பேசித் தீர்ப்பதற்குத் தனி விலை இருக்கிறது. மூன்றாவது, உங்களிடம் எதை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்பது. பாஸ்வேர்டு ரீசெட், பிரின்டர், அவுட்லுக் என்று டிக்கெட்டை (பதிவான புகாரை) மூடுகிறவர் எல்1, அதாவது முதல் நிலை. அலுவலகப் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கொள்கைகளை மாற்றவும், மைக்ரோசாஃப்டின் இன்டியூன் மென்பொருளில் ஆயிரம் மடிக்கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தவும் அனுமதி உள்ளவர் எல்2, அதற்கு மேல். சம்பளம் எகிறுவது அந்த அனுமதியில்தான்; வருட அனுபவம் மட்டும் அதைச் செய்யாது.

என்னிடம் கணக்குப் பார்க்க வரும் இளைஞர்களின் சம்பளச் சீட்டுகளை வைத்துச் சொல்கிறேன். இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். சென்னையில் வென்டார் பேரோலில் புதிதாகச் சேர்பவருக்குக் கையில் 12,000 முதல் 16,000. மூன்று ஆண்டுகள் ஆனவருக்கு 18,000 முதல் 24,000. நேரடிப் பேரோலில் வெளிநாட்டு சர்வீஸ் டெஸ்க் என்றால் உங்கள் அனுபவத்துக்கு 25,000 முதல் 35,000. ஐந்தாறு ஆண்டுகளில் எல்2-ஆகி இன்டியூன் போன்றவற்றைக் கையாள்பவர் 40,000-ஐத் தாண்டுகிறார். நீங்கள் வாங்குவது உங்கள் படியின் கீழ்ப்பக்கம். ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை.

எச்ஆர் கேட்கும்போது "இப்போது வாங்குவதில் 30 சதவீதம் கூடுதலாக" என்று சொல்லிவிடாதீர்கள். குறைந்த சம்பளத்தின் மேல் சதவீதம் போட்டால் வருவதும் குறைந்த சம்பளம்தான். இப்படிச் சொல்லுங்கள்: "இந்த வேலையின் பொறுப்புக்கும் என் மூன்று ஆண்டு அனுபவத்துக்கும், ஷிப்ட் அலவன்ஸ் சேர்க்காமல், மாதம் கையில் 30,000 எதிர்பார்க்கிறேன்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர்கள் 28,000-க்கு வந்தாலும் நல்ல முடிவுதான். இப்போதைய சம்பளத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள். யுஏஎன் எண்ணை (பிஎஃப் கணக்குகளுக்கான உங்கள் ஒரே அடையாள எண்) வைத்து எங்கே, எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்பதையும் சரிபார்த்துவிடுவார்கள். சேர்ந்த பிறகு பொய் வெளிப்பட்டால் வேலையே போய்விடும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: ஷிப்ட் அலவன்ஸ் உள்ளேயா வெளியேயா, இரவில் வீட்டு வாசல் வரை கார் உண்டா, இடையில் விலகினால் கட்ட வேண்டிய பாண்டுத் தொகை ஏதும் உண்டா. அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். ஆஃபர் கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அப்பாவைப் பற்றிய வரி. இஎஸ்ஐக்கான மாதச் சம்பள வரம்பு 21,000. இன்று நீங்கள் 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய் கட்டுகிறீர்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த 150 ரூபாயில் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் நடக்கிறது. புதிய வேலை எதுவானாலும் 21,000-ஐத் தாண்டுகிறீர்கள். அந்தக் கதவு மூடும். இதை யாரும் ஆஃபர் கடிதத்தில் எழுத மாட்டார்கள்.

அதனால் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா, அதற்கு உங்களிடமிருந்து எவ்வளவு பிடிப்பார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று எச்ஆரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்த சில வாரங்களுக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். வெளியில் தனியாக அப்பாவுக்குப் பாலிசி எடுத்தால் பிரீமியம் கனமாக இருக்கும். சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலமும் போடுவார்கள். குழுக் காப்பீடு அநேகமாக மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும், மாதாமாத மாத்திரைக்கு உதவாது. அதற்கு உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை மாறுவதற்கு முன்பே, இஎஸ்ஐ அட்டை செல்லும்போதே, அப்பாவுக்கு முழுப் பரிசோதனையையும் கண், சிறுநீரகச் சோதனைகளையும் முடித்துவிடுங்கள். மருத்துவச் சீட்டுகளின் நகலையும் வாங்கி வையுங்கள்.

பயிற்சி மையத்துக்கு வருவோம். 85,000 வேண்டாம். "வேலை உறுதி" என்று பணம் வாங்கிக்கொண்டு, முடிவில் 15,000 ரூபாய் வென்டார் வேலைக்கு அனுப்பிவைப்பதையும் உறுதி நிறைவேறியதாகக் கணக்குக் காட்டலாம். உங்களுக்கு அடுத்த படி கணினி மேலாண்மை. அதற்கான மைக்ரோசாஃப்ட் தேர்வு எம்டி-102. பாடம் முழுவதும் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசமாக இருக்கிறது. தேர்வுக் கட்டணம் மட்டும்தான் செலவு. புதிய வேலையில் ஆறு மாதம் நிலைபெற்ற பிறகு எழுதுங்கள். அந்த அலுவலகத்தில் இன்டியூன் பார்க்கும் குழுவினருடன் பழகி, சின்ன வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்தால், தேர்வுச் சான்றிதழைவிட அது உங்களை எல்2-க்கு வேகமாகக் கொண்டுபோகும்.

பிஎஃப் 54,000-ஐ முழுதாக எடுக்க, வேலையில்லாமல் சில காலம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு வேலையிலிருந்து நேரே மற்றொன்றுக்குப் போகிறீர்கள். முழுதாக எடுக்க வழியில்லை, புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. சில முகவர்கள் "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள், போகாதீர்கள். ஐந்து ஆண்டுகள் நிறையாமல் எடுத்தால் வரிக்கும் உட்படும். 2024-25-க்கு இந்தப் பணத்துக்கு 8.25 சதவீத வட்டி கிடைத்திருக்கிறது.

ராஜினாமா கொடுப்பதற்கு முன் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உமங் செயலியில் உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, மூன்று ஆண்டுகளின் ஒவ்வொரு மாதத்துக்கும் பணம் விழுந்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டில் 1,200 பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாமல் விட்ட மாதம் ஏதாவது இருந்தால், இப்போது நீங்கள் உள்ளே இருக்கும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ராயப்பேட்டையில் இருக்கும் பிஎஃப் அலுவலகத்துக்குச் சீட்டுகளோடு போங்கள். புதிய இடத்தில் அதே யுஏஎன் எண்ணைக் கொடுங்கள். இன்னொரு எண் உருவாக விடாதீர்கள். சேர்ந்த பிறகு பழைய கணக்கு புதியதோடு இணைந்துவிட்டதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.