ஓட்டத்தில் குட்டிக்கரணம்: வாசகர் கேள்வி பதில்

கே: வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓடும் திரவத்திலுள்ள பாலிமர் சங்கிலி (சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட மூலக்கூறு) முழுக்க நீண்டு கம்பி மாதிரி நின்றுவிடுமா? (முதுகலை மாணவி, கோவை)

இரு பக்கமும் பிடித்து இழுக்கிற ஓட்டமென்றால் ஏறக்குறைய அப்படித்தான். இழுப்பு வீதத்தையும், நீட்டிவிட்ட சங்கிலி மறுபடி சுருள ஆகும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். விடை 0.5-ஐத் தாண்டினால் சுருள் சட்டென்று விரியும். பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் 1974-இல் கணித்தது இது.

குழாய்ச் சுவரை ஒட்டிய, அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறும் ஷியர் ஓட்டத்தின் கதை வேறு. அதில் பாதி இழுப்பு, பாதி சுழற்சி. சங்கிலி நீண்டு, ஓட்டத்தோடு கிட்டத்தட்ட இணையாகப் படுக்கும். வெப்ப அசைவில் ஒரு முனை பக்கத்து அடுக்குக்குள் நழுவினால் போதும். அங்கே வேகம் வேறு என்பதால் அந்த முனை எதிர்ப்பக்கம் இழுபட, சங்கிலி மடிந்து, சுருண்டு, தலைகீழாகி, திரும்பவும் நீளும். அதுதான் குட்டிக்கரணம். புரளும் திசை மாறாது, ஆனால் அடுத்த கரணம் எப்போது என்று சொல்ல முடியாது.

அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் சூ குழுவினர் இதை 1999-இல் கண்ணாலேயே காட்டினார்கள். 48,502 காரஇணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) கொண்ட லாம்டா வைரஸ் டிஎன்ஏவுக்கு ஒளிரும் சாயமேற்றி, கெட்டியான கரைசலில் ஓடவிட்டார்கள். முழுசாக நீட்டினால் சுமார் 22 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 மைக்ரான்) இருக்கும் அந்தச் சங்கிலியின் சராசரி நீளம், எவ்வளவு ஷியர் கொடுத்தும் பாதிக்கு மேல் போகவில்லை. கரணமும் வேகத்துக்கு ஈடாகக் கூடுவதில்லை: ஷியர் 8 மடங்கானால் கரணம் சுமார் 4 மடங்குதான்.

கே: பாலிஎதிலீன் ஆக்சைடு என்ற பாலிமர் கலந்த தண்ணீர் குழாயில் உராய்வைக் குறைப்பதை முதல் ஓட்டத்தில் பார்த்தோம். அதே கரைசலைப் பம்பில் சுற்றவிட்டதும் பலன் காணாமல் போனது. ஏன்? (பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்)

பம்ப் சங்கிலியை அறுத்துவிட்டது. நீண்ட சங்கிலியில் இழுவிசை நடுவில்தான் அதிகம், அதனால் அறுந்தாலும் பெரும்பாலும் நடுவில்தான் அறும். நீளம் பாதியானால் பலன் பாதியாவதோடு நிற்காது, அதைவிட மோசமாக விழும். அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979 முதல் இந்த மாதிரிப் பாலிமரைப் பம்ப் நிலையத்தைத் தாண்டிய பிறகு செலுத்துவதும் இதனால்தான்.

பம்பை விட்டுவிட்டு மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஓடவிடுங்கள். மூலக்கூறு எடை 40 லட்சம் உள்ள பாலிஎதிலீன் ஆக்சைடு தூள் 1 கிராம் எடுத்து, 5 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழப்பி, கலக்கியில் சுழன்றுகொண்டிருக்கும் 1 லிட்டர் தண்ணீரில் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். தூளை நேராகக் கொட்டினால் வெளியே கூழும் உள்ளே காய்ந்த தூளுமாகக் கட்டி தட்டும். அதைக் கரைக்க மிக்ஸியை எடுத்தால் கெட்டது காரியம். ஊற்றியதும் கலக்கியின் வேகத்தைக் குறைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பாத்திரம் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், துருப்பிடித்த இரும்பு வேண்டாம்; இரும்பு அயனிகள் சேர்ந்தால் ஆக்சிஜன் சங்கிலியைச் சிதைப்பது வேகமாகும்.

சோதனைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு இந்தக் கரைசல் 20 மில்லி கலந்தால் போதும், அதாவது 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). ஓட்டம் கொந்தளிப்பாக இருக்க வேண்டும். சுழிப்பில்லாத சீரோட்டத்தில் எவ்வளவு சேர்த்தாலும் உராய்வு குறையாது. ஒருமுறை ஓடிய கரைசலைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.