பாலியில் ஊர்க்காரர்களின் காலைச் சந்தை: எப்போது போவது, என்ன சாப்பிடுவது?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பாலி போகிறோம். சனூரில் தங்குகிறோம். உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்கும் சந்தையைப் பார்க்க ஆசை. விடுதியில் வழிகாட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நாங்களே போகலாமா? அம்மா சுத்த சைவம். அங்கே எதையாவது நம்பிச் சாப்பிட முடியுமா? படம் எடுத்தால் கோபித்துக்கொள்வார்களா?

பதில்: தாராளமாக நீங்களே போகலாம். சனூரிலேயே பசார் சிந்து என்ற சந்தை இருக்கிறது. அளவாக, பேட்டைக்காரர்களுக்கானது, வழி தவறப் பயமில்லை. காலை ஆறு மணிக்கெல்லாம் உள்ளே இருக்கப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் போனால் பாதிக் கூடை காலியாகியிருக்கும். பாலி நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே ஆறு என்றால் உங்கள் உடம்புக்கு அது மூன்றரை. அதனால் போய் இறங்கிய மறுநாளே வேண்டாம்.

உபுத் பக்கம் போனால் அரண்மனைக்கு எதிரே உள்ள சந்தையையும் விடியலில் பாருங்கள். வெயில் ஏறியபின் அது நினைவுப் பொருள் கடைகளின் இடமாகிவிடும். பாலியின் தலைநகரான தென்பசாரில் உள்ள பசார் படுங் சந்தை மிகப் பெரியது. 2016-ல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டித் திறந்தார்கள். பெரிய பாரங்களைத் தலையில் சுமந்து போகும் பெண்களை அங்கே பார்க்கலாம். அவர்கள் வரும்போது சட்டென்று ஒதுங்கி வழிவிடுங்கள். அந்தப் பாரத்தோடு அவர்களால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அம்மாவோடு போவதற்கு சிந்துவே போதும் என்பது என் கருத்து.

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் பூக்கடைக்குப் போங்கள். பாலியில் காலைச் சந்தை சமையலுக்கு எவ்வளவோ, அவ்வளவு வழிபாட்டுக்கும். உள்ளங்கை அகலத்துக்குத் தென்னங்குருத்தில் தைத்த சதுரத் தட்டு. சாமிக்குப் படைக்கும் அதற்குப் பெயர் சானாங் சாரி. நடுவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்த்த சின்ன மடிப்பு ஒன்று இருக்கும். அதன்மேல் கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. எல்லாவற்றுக்கும் மேலே பொடியாக நறுக்கிய தாழம்பூ இனத்து இலை மணக்கும். அம்மா இதைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது. ஒன்றிரண்டு வாங்கி, விடுதியில் வேலை செய்பவரிடம் எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்கள்.

தரையிலும் படியிலும் இந்தத் தட்டுகள் வைத்திருப்பார்கள். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தால் தாண்டக்கூட வேண்டாம், சுற்றிப் போங்கள். சந்தையைக் காக்கும் தெய்வம் மெலாந்திங்குக்குச் சின்னக் கோயில் இருக்கும். அதற்குள் போக இடுப்பில் சாரோங்கும் அரைக்கச்சையும் வேண்டும். இல்லையென்றால் வெளியே நின்று கும்பிடலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம் தேவை. காய்கறிப் பொரியலாகத் தெரிவதிலும் இறால் விழுது கலந்திருக்கும். அதற்குத் தெராசி என்று பெயர். சம்பால் துவையலில் அநேகமாக இருக்கும். லாவார் என்ற கறிகாய்க் கலவையில் பன்றி இறைச்சியோடு சில நேரம் இரத்தமும் சேர்ப்பார்கள். ஆகவே அம்மாவுக்குக் காரப் பதார்த்தமே வேண்டாம், இனிப்புப் பக்கம் அழைத்துப் போங்கள். லாக்லாக் கட்டாயம் சாப்பிட வேண்டியது. அரிசி மாவை இலைச்சாற்றில் பச்சையாக்கி, நம் குழிப்பணியாரம் போலக் குழிச்சட்டியில் ஊற்றி, வெந்ததும் தேங்காய்த் துருவல் தூவிப் பனைவெல்லப் பாகு விடுவார்கள். கறுப்புக் கவுனி போன்ற அரிசியில் தேங்காய்ப் பால் விட்ட கஞ்சியும் உண்டு. பெயர் புபுர் இஞ்ஜின். இரண்டையும் வாழையிலையில் சூடாகக் கேளுங்கள்.

விலை கேட்டால் ஐந்து விரல் காட்டுவார்கள். ஐயாயிரம் ருப்பியா என்று பொருள். 10,000 ருப்பியா ஏறத்தாழ நம் ஐம்பது ரூபாயை ஒட்டி வரும். இரண்டாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் தாள்களை முந்தின நாளே சேர்த்துவையுங்கள். லட்ச ருப்பியா தாளை விடியலில் நீட்டினால் சில்லறை இருக்காது. துணிப்பை எடுத்துப் போங்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கு அங்கே தடை உண்டு. துணிமணிக்குப் பேரம் பேசலாம். காய்க்கும் பூவுக்கும் கறாராகப் பேச வேண்டாம், மிச்சமாவது நமக்கு ஒன்றுமில்லை. அதிலும் நீங்கள்தான் முதல் போணி என்றால், விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நகராதீர்கள். அங்கும் முதல் விற்பனைக்கு மதிப்பு உண்டு. வாங்கிய தாளால் சரக்கை எல்லாம் மெல்லத் தொட்டுத் தட்டும் பெண்ணைப் பார்ப்பீர்கள்.

படம் எடுக்க ஒரே வழி, முதலில் எதையாவது வாங்குவது. வாங்கியபின் “போலே ஃபோட்டோ, இபு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். கையை ஆட்டி மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். காசு வாங்குவது, கொடுப்பது வலக்கையால். “சுக்ஸ்மா” என்று நன்றி சொன்னால் முகம் மலரும்.

தேதி பார்ப்பதும் நல்லது. பௌர்ணமி, அமாவாசை, 15 நாளுக்கு ஒருமுறை வரும் கஜெங் கிளிவோன் என்ற விசேஷ நாள், இவற்றுக்கு முந்தின காலை சந்தை பூவால் நிறைந்திருக்கும். பூ விலையும் ஏறும். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைக்கு முந்தைய மூன்று நாட்கள்தான் உச்சம். பண்டிகைக்கு முந்தின நாள் பன்றி அறுப்பார்கள், அன்று அம்மாவை இறைச்சிப் பக்கம் விட வேண்டாம். ஞேபி என்னும் மௌன நாளில் சந்தை மட்டுமல்ல, விமான நிலையமே மூடியிருக்கும்.

மங்குஸ்தானும் சலாக் பழமும் கண்ணில் பட்டால் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பழமோ செடியோ ஊருக்குக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள்.