மெம்ப்ரேன் புதுசு, டிடிஎஸ் மட்டும் இறங்கவில்லையா?

தம்பி, குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 180, ஆர்ஓ வடிகட்டியில் மெம்ப்ரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு) மாற்றியும் அதன் தண்ணீரில் 60 என்கிறீர்கள். கோலசிலாங்கூர்த் தோட்ட வீட்டில் கூரைத் தொட்டியிலிருந்துதானே இணைப்பு? கோளாறு அங்கேதான். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.4 பிஎஸ்ஐதான் அழுத்தம். நாலு மீட்டருக்கு 6 கூட வராது. மெம்ப்ரேனுக்கு 50, 60 வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வடியும், உப்பு மட்டும் ஏறக்குறைய அதே அளவில் கசியும். அதான் எண் ஏறுகிறது.

மெம்ப்ரேனுக்கு முன்னால் அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் போடுங்கள். அழுத்தம் குறைந்தால் பம்பை நிறுத்தும் லோ பிரஷர் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் தண்ணீர் நின்றால் பம்ப் வறண்டு ஓடிக் கெட்டுவிடும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு, சேமிப்புத் தொட்டிக்கு முன்னாலேயே அளந்து பாருங்கள். அப்போதும் 20-க்கு மேலா? மெம்ப்ரேன் முனையிலுள்ள இரண்டு சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மடங்கியிருக்கும். சிலிகான் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். வாசலின் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.